வாசலில் வேப்பிலை

அத்தியாயம் 9

முற்றத்தில் பித்தளைத் தவலை விழுந்து உருண்டது. துவைக்கிற கல்லில் மோதித் திரும்பி, கிணற்றடிவரை போய், அது அடங்குவதற்குள் பக்கத்து வீட்டு நாய் இரண்டு தரம் குரைத்துவிட்டது.

கனகாம்பாள் உள்ளறையில் டிரங்குப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மடியில் புதுப் புடவை. வெள்ளைக் காடா, விரல் அகலத்துக்கு நீலக் கரை. சத்தம் அவளுக்குக் கேட்டது. ஆனால் எங்கோ ஆற்றுக்கு அக்கரையில் விழுந்த மாதிரிதான் கேட்டது. மனசு அப்போது வீட்டில் இல்லை. புதுச்சேரி ஆஸ்பத்திரியில், ஒரே ஒரு தடவை எட்டிப் பார்த்த நீளக் கூடத்தில், வெள்ளைக் கட்டில்களின் நடுவே நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் கொக்குகள் இறங்கி உட்கார்ந்த மாதிரி இருந்தது அந்தக் கூடம். கொஞ்சம் பலமாகப் பேசினாலும் எல்லாம் எழுந்து பறந்துவிடும் போல.

"அம்மா." முற்றத்திலிருந்து மகள் ஆண்டாளின் குரல். "இங்க வாயேன். அப்பாவப் பாரு. ஒடம்பெல்லாம் போட்டிருக்கு."

"இன்னாடி போட்டிருக்கு?"

நாத்தனார் காசம்மாள்தான் சொன்னாள், மெதுவாக, சாமியை எழுப்பிவிடாத குரலில்.

"ஆத்தா வந்திருக்கா."

கடிதம் வந்த கதை தெரியாதவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

கனகாம்பாள் கரிக்கலாம்பாக்கத்துச் சுப்பராயலுவின் மனைவி. மூன்று காணி நெல், ஒரு காணி கரும்பு, இரண்டு ஜோடி மாடு, மடுகரையில் கட்டிக்கொடுத்த ஒரே மகள். போன வருஷம் வாந்திபேதி வந்தபோது வில்லியனூரில் கொட்டகை போட்டு, வெந்நீர் காய்ச்சிக் கொடுக்க ஆள் வேண்டும் என்று பிரெஞ்சுக்காரனின் கொம்யூன் ஆபீஸ் சேவகன் தமுக்கடித்தான். ஒரு நாள் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனவள் நாற்பது நாள் கழித்துத்தான் வீடு திரும்பினாள். அந்த நாற்பது நாளில் நர்ஸ் ஆரோக்கியம் அவளுக்கு நாடி எண்ணக் கற்றுக்கொடுத்தாள், தெர்மாமீட்டர் பார்க்கக் கற்றுக்கொடுத்தாள். பெரிய டாக்டர் அவள் பெயரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போனார்.

அந்தத் தாள்தான் ஐப்பசியில் கடிதமாகத் திரும்பி வந்தது. நர்ஸ் வேலை கற்றுக்கொள்ள ஆறு பெண்களை எடுக்கிறார்கள். நாற்பது வயது தொட்டவர்கள் வேண்டாம். கல்யாணமானவர்கள் புருஷன் கையெழுத்துப் போட்ட சம்மதச் சீட்டோடு வர வேண்டும். கடைசி நாள் இன்றைக்கு, பகல் பன்னிரண்டு மணி.

கனகாம்பாளுக்கு வயது முப்பத்தொன்பது. வருகிற மாசி வந்தால் நாற்பது. வில்லியனூரில் பத்து மணி வண்டியைப் பிடித்தால் புதுச்சேரி. விட்டால் அடுத்த வருஷம் என்று ஒன்று அவளுக்குக் கிடையாது.

சம்மதச் சீட்டு இரண்டு மாதமாகச் சுவர்க் கண்ணாடியின் பின்னால் செருகியிருக்கிறது. கேட்கும்போதெல்லாம் சுப்பராயலு "பாக்கலாம்" என்பார். வேண்டாம் என்று ஒரு தரம்கூடச் சொன்னதில்லை. நேற்றுச் சாயங்காலம் மட்டும் புடவையைப் பார்த்துவிட்டு, "தாலியோட வெள்ள கட்டுறவளப் பாத்தா ஊரு எனக்குக் கருமாதி எப்பன்னு கேக்கும்" என்றார். "அதுக்குத்தான் நீலக் கரை போட்டிருக்காங்க" என்றாள் இவள்.

இனி முற்றம்.

சுப்பராயலு கிணற்றடியில் ஈர வேட்டியோடு நின்றுகொண்டிருந்தார். மார்கழியில் விடியுமுன் குளித்துவிடுகிற பழக்கம். கழுத்திலும் தோளிலும் முதுகிலும் சிவந்த தடிப்புகள் காசு காசாகப் பூத்திருந்தன. சொறிய வந்த கையைக் காசம்மாள் தட்டிவிட்டாள்.

"ஆத்தாவ நகத்தால தொடாதடா. அவ இருக்கறமட்டும் இருந்துட்டுப் போவா."

"தாங்கலக்கா. தீயள்ளிக் கொட்டின மாதிரி இருக்குது."

"தாங்கித்தான் ஆவணும்."

ஆண்டாள் தவலை பக்கத்தில் நின்றாள். வலது கையை முந்தானையில் சுற்றி வயிற்றோடு சேர்த்து வைத்திருந்தாள். குளிருக்குத்தான் என்று கனகாம்பாள் நினைத்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது, பார்த்தாள், விட்டுவிட்டாள்.

அதற்கப்புறம் எல்லாம் காசம்மாள் கையில். அவள் அவசரப்படவில்லை. இந்த வேலையில் அவளுக்குப் பழக்கம் உண்டு. வேப்பங்கொத்தை ஒடித்து வந்து வாசல் நிலையில் செருகினாள். மஞ்சள் கரைத்த தண்ணீரை வாசலில் வைத்தாள். தம்பிக்குக் கூடத்தில் வாழையிலை விரித்தாள். அடுப்பில் தாளிக்கக் கூடாது, தலை வாரக் கூடாது, வெளி ஆள் உள்ளே வரக் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் கனகாம்பாளுக்கு.

"ஆத்தா வந்த வூட்டுல பொஞ்சாதி படி தாண்டக் கூடாது. ஆத்தா எறங்கி மூணாந் தண்ணி ஊத்தறமட்டும் நீதான் பக்கத்துல இருக்கணும்."

"தெரியும்க்கா."

"தெரிஞ்சா சரி. பொட்டிய மூடிட்டு வா."

கனகாம்பாள் அவளோடு சண்டை போடவில்லை. போட முடியாது. காசம்மாள் தன் இரண்டு பிள்ளைகளை ஒரே வாரத்தில் வாழையிலையில் கிடத்திப் பார்த்தவள். இரண்டையும் அந்த இலையோடுதான் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்கப்புறம்தான் தம்பி வீட்டோடு வந்து சேர்ந்தாள். அவள் வேப்பிலையைத் தொட்டால் அது வெறும் சாஸ்திரம் இல்லை.

புடவை பெட்டிக்குள் போனது. மூடி சாத்துகிற சத்தம் மட்டும் கொஞ்சம் பலமாக இருந்தது.

கூடத்தில் அரை இருட்டு. வேப்பிலை வாசனை, மஞ்சள் வாசனை. கனகாம்பாள் புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கொத்தால் மெதுவாக விசிறினாள். கண் திறந்துதான் இருந்தது. ஆனால் கூடத்துச் சுவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளையாகி, நீண்டுகொண்டே போயின. தூண்கள் கட்டில் கால்களாயின. யாரோ ஒரு நர்ஸ், முகம் தெரியவில்லை, நீலக் கரை மட்டும் தெரிந்தது, ஒவ்வொரு கட்டிலாகக் குனிந்து நிமிர்ந்து போய்க்கொண்டிருந்தாள். அவள் கையில் விளக்கு இல்லை. ஆனாலும் அவள் குனிந்த இடமெல்லாம் கொஞ்சம் வெளிச்சம் வந்தது.

கனகாம்பாள் அவளைக் கூப்பிட நினைத்தாள். அப்போதுதான் தன் விரல்கள் சுப்பராயலுவின் மணிக்கட்டில் இருப்பதைக் கவனித்தாள்.

எப்போது போய்ப் பிடித்தன என்று தெரியவில்லை. ஒரு வருஷமாக இதே வியாதிதான் அவளுக்கு. தயிர்க்காரி, களையெடுக்க வருகிறவர்கள், கோயில் பண்டாரம், யார் உட்கார்ந்து பேசினாலும் இவள் விரல் போய் நாடியில் உட்கார்ந்துவிடும். ஊரில் இவளுக்கு 'கைபுடிக்கிற கனகம்' என்றே பேர் வைத்துவிட்டார்கள்.

எண்ணினாள். எழுபத்தி நாலு. மறுபடி எண்ணினாள். எழுபத்தி நாலு. சாப்பிட்டுவிட்டு மரத்தடியில் படுத்திருக்கிறவன் நாடி.

"நேத்திக்கு ஒடம்பு காஞ்சுதா?"

"இல்லியே."

"முந்தா நாளு? கை கால் வலி, தலை வலி?"

"எம்மா, ராத்திரி நாலு உருண்ட களி தின்னேன். நீதான போட்ட."

அவள் எழுந்து போய் மாடத்திலிருந்து மரக் குழாயை எடுத்து வந்தாள். ஆரோக்கியம் தன் பழைய தெர்மாமீட்டரை அதில் போட்டுக் கொடுத்திருந்தாள். அடுக்களையிலிருந்து காசம்மாள் பார்த்துவிட்டாள்.

"மாரியாத்தாளுக்கே கண்ணாடிக் குச்சி வெக்கிறியா?"

"அவளுக்கு வெக்கலக்கா. இவருக்குத்தான் வெக்கிறேன்."

"சிரிப்பு வேற."

"நான் சிரிக்கல."

பாதரசம் மேலே ஏறவில்லை. தொண்ணூத்தெட்டைத் தாண்டி நாலு கோட்டில் நின்றுவிட்டது. கனகாம்பாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மை என்றால் முதலில் காய்ச்சல். இரண்டு நாள், மூன்று நாள் உடம்பு கொதித்த பிறகுதான் முத்து. கொட்டகையில் ஆரோக்கியம் அவளை ஒப்பிக்க வைத்த பாடம். அதுவும் இல்லாமல், போன வைகாசியில் கொம்யூன் ஆட்கள் வந்து ஊருக்கே அம்மை குத்தினார்கள். சுப்பராயலுவின் புஜத்தில் அந்த வடு இரண்டும் கால் ரூபாய் அகலத்துக்குப் பளபளத்தன.

"முகத்தத் திருப்புங்க." முகத்தில் ஒன்று இல்லை. உள்ளங்கையில் ஒன்று இல்லை. வேட்டிக்குக் கீழே ஒன்று இல்லை. கழுத்து, தோள், முதுகு, இடுப்பில் ஒரு சுற்று. ஆத்தா இப்படி வரப்பு கட்டி வந்து இவள் பார்த்ததில்லை.

"குளிச்சதும் எதால தொடச்சீங்க?"

"துண்டாலதான்."

துண்டு கொடியில் தொங்கியது. கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓடு வழியாக அப்போதுதான் வெயிலின் முதல் கம்பு உள்ளே இறங்கியிருந்தது. கனகாம்பாள் துண்டை நுனியில் பிடித்து அந்த வெளிச்சத்துக்குள் நீட்டி, லேசாக உதறினாள்.

துண்டிலிருந்து பொன் பறந்தது.

ரோமம் ரோமமாக, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும், ஆயிரக்கணக்கான பொன் ஊசிகள் வெளிச்சத்தில் மிதந்தன. விழுவதற்கு மனசில்லாமல் மெல்லச் சுழன்றன. ஒரு கணம் அவள் எல்லாவற்றையும் மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவ்வளவு அழகாக இருந்தது. பிறகு ஒன்று அவள் கட்டை விரலில் வந்து உட்கார்ந்தது. சுரீர் என்று தீ பிடித்தது.

பூனைக்காலி. கரும்பு வேலியில் கொடி கொடியாகப் படர்ந்து, மார்கழியில் காய் முற்றி, காற்றில் ஆடுகிற பூனைக்காலி. மேலே பட்டுப்போல ரோமம். தெரியாமல் உரசினவன் ஊர்க் குளத்தில் போய்த்தான் விழுவான்.

"இது ஆத்தா இல்லக்கா" என்றாள் கனகாம்பாள்.

காசம்மாள் கையில் கரண்டியோடு வந்து நின்றாள். நம்பவில்லை. துண்டை ஒற்றை விரலால் தொட்டாள். மூன்று மூச்சு பொறுத்தாள். பிறகு விரலைப் புடவையில் தேய்த்துக்கொண்டே தம்பியைப் பார்த்தாள்.

"துண்ட யாரு எடுத்துக் குடுத்தது?" என்று கேட்டாள்.

சுப்பராயலு தலையைத் தூக்கினார். கூடத்துக் கதவோரம் ஆண்டாள் நின்றுகொண்டிருந்தாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு வாழையிலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"யாரும் குடுக்கல. நானேதான் தேச்சிக்கினேன்."

"இன்னாது?"

"கனகத்த அனுப்ப மனசு வரல. வேணாம்னு சொல்லவும் வாய் வரல. அதான்."

காசம்மாள் கரண்டிக் காம்பால் அவர் தலையில் ஒன்று போட்டாள். நாற்பத்தெட்டு வயது ஆள், தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார்.

"ஆத்தா பேரச் சொல்லிப் பொய்யாடா? வாழையிலையில ஏன்டா படுத்த? நான் விரிக்கும்போது வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"ஆடி மாசம் நானே தலைச்சுமையா தூக்கிக்கினு போயி ஆத்தாளுக்குக் கூழு ஊத்திடறேன்."

"ஊத்தறதாவது. அலகு குத்திக்கினு நில்லு, அப்பதான் அடங்குவ." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கோபமா, அந்த இலை வெறும் இலையாகப் போனதில் வந்த நிம்மதியா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

கனகாம்பாளுக்குக் கோபம் வர வேண்டும். வரவில்லை. என்னைப் பிரிய மாட்டாமல் இந்த மனுஷன் இப்படிச் செய்தாரா என்று நினைத்தபோது, இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் கேட்காத ஒரு வார்த்தையைக் கேட்ட மாதிரி இருந்தது. கண்ணாடியின் பின்னாலிருந்து சீட்டை உருவி எடுத்தாள். மைக்கூடும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

"செஞ்ச தப்புக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"போட்டா தப்பு தீந்துடுமா?"

"பாதி தீரும்."

அவர் இடது கையால் கழுத்தைச் சொறிந்துகொண்டே வலது கையால் எழுதினார். கொம்யூன் பள்ளிக்கூடத்தில் மூன்று வருஷம் படித்த பிரெஞ்சு எழுத்து. சுப்பராயலு என்று முடிப்பதற்குள் நெற்றியில் வேர்த்துவிட்டது.

அப்புறம் கொல்லையில் ஒரு கூத்து. தண்ணீர் ஊற்றித் தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே போகும். பசுஞ்சாணியைக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் உரித்தால் ரோமம் அதோடு வந்துவிடும். கனகாம்பாள் இரண்டு கையாலும் பூசினாள். சுப்பராயலு வெயிலில் எரு தட்டிய சுவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"சாணி இன்னும் ரெண்டு கை அள்ளியா, ஆண்டாளு."

"எனக்கு அந்த நாத்தம் ஆவலம்மா" என்றாள் ஆண்டாள். முருங்கை மரத்துப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மாட்டுக் கொட்டகையில் பிறந்து வளர்ந்தவளுக்கு இன்றைக்கு என்ன நாற்றம் என்று கேட்டது காசம்மாள்தான். கனகாம்பாளின் கண் கிணற்றடிச் சுவரில் ஏறுகிற வெயிலில் இருந்தது. எட்டு மணிக்குள் புறப்பட வேண்டும்.

வாசலில் வேப்பிலையை யார் எடுப்பது என்று ஒரு நிமிஷம் தடுமாறினார்கள். காசம்மாள் தடுத்துவிட்டாள். "கட்டினத அவுக்க மாட்டேன். ஆத்தா வராட்டியும் அவ பேரு வந்திருக்கு. சாயங்காலம் வெளக்கேத்தி நானே எடுக்கறேன். நீங்க கொல்லைப் பக்கமாப் போங்க."

அப்படித்தான் கனகாம்பாள் வீட்டை விட்டுப் புறப்பட்டாள். வாசல் வழியாக இல்லை; கொல்லை வழியாக, எருக்குழியைச் சுற்றிக்கொண்டு, நீலக் கரைப் புடவையில்.

பனி இன்னும் முழுசாக விலகவில்லை. கரும்பு பூத்திருந்தது. இரண்டு பக்கமும் வெள்ளிக் குஞ்சம் குஞ்சமாகப் பனிக்குள் நீந்திக்கொண்டிருந்தன. மாட்டு வண்டி அசைய அசைய, வண்டி போகவில்லை, அந்தக் குஞ்சங்கள்தான் பின்னால் மிதந்து போகின்றன என்று தோன்றியது கனகாம்பாளுக்கு. முன்னால் சுப்பராயலு. கழுத்தில் இன்னும் இரண்டு வில்லை சாணி ஒட்டியிருந்தது. பின்னால் வைக்கோல்மேல் ஆண்டாள், மூட்டையை அணைத்துக்கொண்டு.

"மாசத்துல ஒரு தரம் வருவியா?" என்றார் சுப்பராயலு, மாட்டிடம் கேட்கிற மாதிரி.

"ரெண்டு ஞாயித்துக்கெழம வுடுவாங்களாம்."

"வந்தா வண்டி கட்டிக்கினு வரேன்."

"துண்ட உதறிட்டு வாங்க."

அவர் சிரித்தார். ஆண்டாள் சிரிக்கவில்லை.

கனகாம்பாள் திரும்பி மகளைப் பார்த்தாள். தீபாவளிக்கு வந்தவள். கார்த்திகை போய் மார்கழியும் பாதி போய்விட்டது. மருமகன் ராமு இரண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனார். ஏதோ மனஸ்தாபமாக இருக்கும், கேட்க வேண்டும் கேட்க வேண்டும் என்று நாள் ஓடிவிட்டது.

"நீ எப்பம்மா மடுகரைக்குப் போவப் போற?"

"போறேன்."

"மாமியா ஏதாச்சும் சொன்னாங்களா?"

"அவங்க இன்னா சொல்லப் போறாங்க." மூட்டையை இன்னும் இறுக்கிக்கொண்டு தானாகவே சொன்னாள். "போன வருஷம் எனக்குக் கலைஞ்சப்பகூட அவங்கதான் மடியில போட்டுக்கினாங்க."

கனகாம்பாள் புடவைக் கரையை விரலால் நீவினாள். போன வருஷம் அந்தச் சேதி வந்தபோது அவள் வாந்திபேதிக் கொட்டகையில் இருந்தாள். மடுகரை போய்ச் சேர்ந்தது மறுநாள். அதற்குள் எல்லாம் முடிந்து, மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஏம்மா நேத்து வரல என்று அன்றைக்கும் கேட்கவில்லை, அப்புறமும் கேட்கவில்லை.

என்னமோ சொல்ல வேண்டும் போல இருந்தது. அதற்குள் பனியைக் கிழித்துக்கொண்டு வில்லியனூர்க் கோபுரம் தெரிந்தது. அந்தண்டை மாதா கோயில் மணி அடித்தது. மனசு மறுபடி அந்த நீளக் கூடத்துக்குள் நழுவிவிட்டது.

ஸ்டேஷனில் கூட்டம் இல்லை. கீரைக் கூடைகளோடு நாலு பெண்கள், ஒரு சாமியார், ஒரு சேவகன். சுப்பராயலு டிக்கெட் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு மாட்டைப் பார்க்கப் போனார். ரயில் சத்தம் கேட்டால் இடதுபக்கத்து மாடு மிரளும்.

கிழக்குப் பார்த்து நின்ற தண்டவாளத்தில் பனி ஈரம் மின்னியது. தண்டவாளம் முதலில் முணுமுணுத்தது, அப்புறம் பாடியது, அப்புறம் வண்டி வந்தது. நீராவியில் ஸ்டேஷனே ஒரு நிமிஷம் காணாமல் போயிற்று. வெள்ளைக்குள் கனகாம்பாள் நடந்தாள். படியில் ஏறினாள். உள்ளே உட்கார்ந்திருந்த ஒரு கிழவி புடவையைப் பார்த்து இடம் விட்டாள்.

முப்பத்தொன்பது வயதில் யாரோ அவளுக்கு எழுந்து இடம் விட்டது இதுதான் முதல் தடவை.

படியிலேயே நின்று திரும்பிக் கையை நீட்டினாள். "மூட்டையக் குடு, ஆண்டாளு."

ஆண்டாள் இடது கையால் தூக்கி நீட்டினாள்.

"சோத்துக் கையால குடுடி. பயணம் போறவகிட்ட பீச்சாங்கையால குடுப்பியா?"

"பரவால்லம்மா, புடி."

"குடுங்கறேன்ல."

வலது கை முந்தானையை விட்டு வெளியே வந்தது. விடிந்ததிலிருந்து இப்போதுதான் வருகிறது. விரல்கள் ஐந்தும் வீங்கி, நுனியெல்லாம் சிவந்து தடித்திருந்தன. புருஷன் தோளிலும் கழுத்திலும் காலையில் பார்த்த அதே தடிப்பு. காய் பறித்த கை. துண்டில் தேய்த்த கை. தவலையைப் பிடிக்க முடியாமல் விட்ட கை.

மூட்டை கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை.

தூரத்தில் மாட்டுக் கொம்பைப் பிடித்துக்கொண்டு சுப்பராயலு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியின் கண் தன்மேல் திரும்பியதும் தலையைக் குனிந்துகொண்டார். காலையில் கரண்டியடி வாங்கியபோது குனிந்தாரே, அதே மாதிரி. நானேதான் தேச்சிக்கினேன் என்று அவர் சொல்லுமுன் யாரைப் பார்த்தார் என்பது கனகாம்பாளுக்கு இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"ஏன்டி இப்படிச் செஞ்ச?"

ஆண்டாள் கீழே கிடந்த மூட்டையைப் பார்த்தாள். கார்டு பச்சைக் கொடியை அவிழ்த்தார்.

கனகாம்பாளின் விரல்கள் மகளின் மணிக்கட்டுக்குப் போயின. யாரும் சொல்லி அனுப்பவில்லை. ஒரு வருஷப் பழக்கம், தானாகப் போயின. ஒன்று, இரண்டு, மூன்று. ஓடிக்கொண்டிருந்தது. பயந்த நாடி என்றுதான் முதலில் நினைத்தாள். பயந்த நாடி தடுமாறும். இது தடுமாறவில்லை, ஒரே சீராக, அவசரமாக ஓடியது. கொட்டகையில் ஒரு சாயங்காலம் ஆரோக்கியம் சொன்னது காதில் விழுந்தது. சில பொம்பளைங்க நாடி இப்படித்தான் ஓடும், கனகம், கூட இன்னொருத்தரையும் தூக்கிக்கினு ஓடற மாதிரி.

சாணி நாற்றம் ஆகாதவள். தீபாவளியிலிருந்து திரும்பிப் போகாதவள். உதடு வெளுத்து, கண்ணுக்குக் கீழே கறுத்து, இத்தனை நாளாக இதே வீட்டில் இதே கூடத்தில் நடந்துகொண்டிருந்தவள்.

"ஆண்டாளு." கனகாம்பாள் படியிலிருந்து குனிந்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

கார்டு விசில் ஊதினார். வண்டி ஒரு குலுங்குக் குலுங்கியது. கனகாம்பாள் மணிக்கட்டை விடவில்லை. ஆண்டாளும் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அம்மாவின் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஊராரு கையெல்லாம் புடிச்சுப் பாத்தியே, என் கைக்கு எப்ப வருவேன்னு ரெண்டு மாசமா காத்துக்கினு இருந்தேம்மா."